ஏழு நாள் நெருப்பு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஹோட்டலில் இன்னும் நாள் பூரா நின்றுகொண்டுதான் ரொட்டி போடுகிறாயா, ஒரு முக்காலியாவது கொடுத்தார்களா?

போன மாதம் நான் எழுதியதற்கு நீ உடனே பதில் போட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷம் எழுதாமல் இருந்தவன் நான்தான். மாடியில் நான் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒழுகும் என்று நீ சொன்னாய். ஒழுகியது. அதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். விடு, பழைய கதை.

புதுக் கதை என்னவென்றால், வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு தந்தூரி அடுப்பு கட்டப் போகிறேன். சிரிக்காதே. டிப்போவில் பஸ் இன்ஜினையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ஒரு பானையும் பீப்பாயும் எம்மாத்திரம்? பன்னிரண்டு வருஷமாக அந்த அடுப்பு முன்னால் நிற்கிறவள் நீ. விவரமாக எழுது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறேன், சத்தியமாக.

உன் தம்பி

(அடியில், அவன் மனைவியின் கையெழுத்தில்)

அண்ணி, வணக்கம். இவர் சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் பானை வரைகிறார். நீங்கள்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும். தையல் நிறைய வருகிறது, குறையில்லை.


ஜனவரி 24

என் அவசரத்துக்கு,

எட்டாம் மாதமே பிறந்து வந்தவனுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பேர் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். முக்காலி வரவில்லை, முழங்கால் மட்டும் வருகிறது போகிறது.

கேட்டுக்கொள். வாய் அகன்ற பெரிய மண்பானை ஒன்று வாங்கு. அடியை வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, வாய் மேலே இருக்கும்படி இரும்புப் பீப்பாய்க்குள் செங்கல் மேல் நிறுத்து. காற்றுப் போகக் கீழே ஓர் ஓட்டை. பானைக்கும் பீப்பாய்க்கும் நடுவே மணலும் களிமண்ணும் பிசைந்து அடை. சூடு வெளியே ஓடாமல் அதுதான் பிடித்து வைக்கும்.

கட்டுவது பெரிதில்லை, காய வைப்பதுதான் பெரிது. முதல் நாள் காகிதமும் சருகும், அரை மணி நேரம், போதும். மறுநாள் சுள்ளி. நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய் ஏழாம் நாள்தான் கட்டையும் கரியும். நடுவில் மழை பெய்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. உள்ளே ஈரம் இருக்கும்போது பெரிய தீ போட்டால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும், பானையைப் பிளந்துகொண்டு வரும். எங்கள் ஹோட்டலில் ஒரு தடவை அப்படி வெடித்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

உன்னை எனக்குத் தெரியாதா? ஏழு நாளைக்கும் ஒரு தாள் போடு. தினமும் என்ன எரித்தாய், வானம் எப்படி இருந்தது என்று அன்றன்றே எழுதி, முடிந்ததும் எனக்கு அனுப்பு. டிப்போவில் பிரேக் பார்த்ததற்குத் தாள் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாயே, அதுபோல.

தையல்காரம்மாவுக்கு ஒரு வேலை: மாவைத் தட்டி அடுப்புச் சுவரில் அறைய ஒரு திண்டு வேண்டும். பழைய துணியைக் கெட்டியாகத் திணித்து, பின்னால் கை நுழைய ஒரு பட்டி வைத்துத் தைக்கச் சொல். கையைச் சுடாமல் காப்பாற்றுவது அதுதான்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே நான் சுகமோ சுகம். முதல் பானை அறுக்கும்போதே விரிசல் விட்டது. இரண்டாவதை நான் அறுக்கவே இல்லை, சைக்கிளிலிருந்து அதுவே விழுந்து செத்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. பீப்பாய் டிப்போவில் கழித்துப்போட்டது. உள்ளே இருந்த எண்ணெயை எல்லாம் எரித்துச் சுத்தம் செய்துவிட்டேன். அன்றைக்குத் தெருவே இருமியது.

இன்னொரு விசேஷம். எங்கள் மேனேஜர், நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எப்பய்யா கூப்பிடப் போற?" என்று அவரே கேட்டார்! மார்ச் எட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். அவர், டிப்போ ஆட்கள், பக்கத்து வீட்டு டீச்சரம்மா, தெருவில் நான்கு பேர், ஆக மொத்தம் பதினோரு பேர். நாளைக்கு முதல் தீ. தாளுக்குக் கோடு போட்டாயிற்று.

உன் தம்பி

அண்ணி, திண்டு தயார். இவருடைய பழைய காக்கிப் பேண்டில் தைத்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன். ரொட்டி நான்தான் போட வேண்டுமாம், இவருக்கு விருந்தாளிகளோடு பேச வேண்டுமாம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா? கேட்ட தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனிமேல் என்னை அவசரம் என்று கூப்பிடக் கூடாது.

நாள் 1 (9ஆம் தேதி): காகிதம், சருகு. வெயில்.
நாள் 2 (10): சுள்ளி. வெயில்.
நாள் 3 (11): சுள்ளி, கொஞ்சம் கூட. வெயில்.
நாள் 4 (12): சின்னக் கட்டை. நல்ல வெயில்.
நாள் 5 (13): கட்டை. வெயில்.
நாள் 6 (14): கட்டை. வெயில்.
நாள் 7 (15): கட்டை, கரி. நல்ல வெயில். பார்த்தேன், சரி. (கையெழுத்து)

தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். கடிதத்தைத் தபாலில் போட இவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் பங்கு கீழே.

உன் தம்பி

அண்ணி, வணக்கம். பதினொன்றாம் தேதி பிடித்த மழை இன்று காலையில்தான் விட்டது. எட்டு நாளாக ஒரு துணி காயவில்லை. அடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டால், தகரம் போட்டு மூடி எரித்து முடித்துவிட்டேன் என்கிறார். நான் தையல் மிஷினை விட்டு எழுந்தால்தானே பார்ப்பேன். இன்று முழுக்கச் சட்டைகளை மாடியில் உலர்த்துகிற வேலை.


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் தாளும் வந்தன. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். ஹோட்டலில் புது மாவு மிஷின் வந்திருக்கிறது, பெரிய சத்தம். உன் கடிதம் வருகிற அன்றைக்கு இங்கே எல்லோரும் "தம்பி எழுதியிருக்காரா?" என்கிறார்கள். முகத்திலேயே தெரிகிறதாம். அடிக்கடி எழுது.

முடிந்தால் இன்னும் இரண்டு நாள் எரித்துக்கொள். கூடுதலாக எரித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஞாயிறு நல்லபடியாக நடக்கட்டும்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

நலம். விருந்து நன்றாக நடந்தது. எல்லோரும் வந்தார்கள். ரொட்டி நன்றாக இருந்தது என்றார்கள். மேனேஜர் "அடடா" என்றார்.

அவளுக்குத் தையல் வேலை அதிகம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வேறு விசேஷம் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இல்லை.

கட்டிய அடுப்பில் முதல் ரொட்டி போட்டவன் நாலு பக்கம் எழுதுவான். நீ ஆறு வரி எழுதியிருக்கிறாய். அது போகட்டும். அவள் எங்கே? உனக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம். நீ கோபித்துக்கொண்டிருந்த காலம் போக, அவள் இரண்டு வரி இல்லாமல் உன் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட "அண்ணி, காய்ச்சல்" என்று ஒரு வரி எழுதினாள். வேலை அதிகம் என்று என்னிடமா சொல்கிறாய்?

என்ன நடந்தது என்று எழுது. உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 16

தம்பி,

பதில் இல்லை. தினமும் ஹோட்டல் வாசலில் தபால்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். என்னிடம் கோபமானால் கோபம் என்றாவது எழுது. அவள் நன்றாக இருக்கிறாளா? அதை மட்டும் ஒரு அட்டையில் போடு.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இதை ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அடுப்பு வெடித்துவிட்டது. நான்காவது ரொட்டியின்போது. எல்லோரும் தட்டோடு சுற்றி நிற்கிறார்கள். தீ நன்றாகத் தெரியட்டும் என்று நான் கரியை அள்ளிப் போட்டு விசிறினேன். அவள் திண்டோடு கையை உள்ளே விட்டாள். டப்பென்று ஒரு சத்தம். பானை பிளந்து, உடைந்த ஓடுகளும் கொதிக்கிற மணலும் அவள் வலது கையில் கொட்டின. திண்டு இருந்ததால் உள்ளங்கை தப்பித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். "விருந்து நன்றாக நடந்தது" என்று உனக்கு எழுதினேனே, அது அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது.

இதைச் சொல்லத்தான் வெட்கம் என்று நினைக்காதே. வெட்கம் அடுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். பதினோரு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பாத்து விடக் கூடாதா? கைய இடிச்சு பானைய ஒடைச்சிட்டியே!" என்பதுதான். தண்ணீர்கூட எடுத்து வரவில்லை அக்கா. டீச்சரம்மாதான் குடத்தோடு ஓடி வந்தார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டீர்களா, கதவைச் சாத்துங்கள், அவ்வளவுதான் பேச்சு.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிதானமா கைய விட்டிருக்கலாமேம்மா" என்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று காபி ஆற்றிக் கொடுக்கிறேன். வாய் திறப்பதில்லை. வழக்கமாகத் துணி கொடுக்கிற இரண்டு பேர், கை நிதானம் இல்லாதவளிடம் எதற்கு என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. அப்போதும் பேசாமல் இருந்தேன்.

அந்தத் தாள் பொய். இரண்டு நாள்தான் எரித்தேன். மூன்றாம் நாள் மழை. மழை என்று எழுதினால் நீ ஒன்றிலிருந்து என்பாய். ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், டிப்போவில் வண்டி வெளியே போக அவசரப்படும்போது எழுதுகிற மாதிரி. மழை விட்ட பிறகு விருந்துக்குப் பதினேழு நாள் இருந்தது. மறுபடி எரித்திருக்கலாம். ஆனால் "முடிஞ்சிருச்சுன்னீங்களே, இப்ப எதுக்கு?" என்று அவள் கேட்பாளே! தாளில் முடிந்துபோன வேலையை எந்த முகத்தோடு திரும்பத் தொடங்குவது? பொய்யைக் காப்பாற்ற அடுப்பை ஈரத்தோடு விட்டேன்.

இப்போது டிப்போவில் டிக் போடும்போது கை நின்றுவிடுகிறது. திரும்பப் போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

உன்னையும் ஏமாற்றினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தம்பி


மே 13

தம்பி,

நீ என்னை ஏமாற்றவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

தாள் வந்த அன்றே எனக்குத் தெரியும். நீ நல்ல வெயில் என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தின் அடியில் அவள் எட்டு நாள் மழை என்று எழுதியிருக்கிறாள். ஏழு வரியும் ஒரே மை, ஒரே சாய்வு. "பொய் சொல்கிறாய், அடுப்பைத் தொடாதே" என்று ஒரு பக்கம் எழுதி உறையிலும் போட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நிற்கும்போது அந்தத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லி இரண்டு வருஷம் உன்னை இழந்தேன். வந்த தம்பியைத் திரும்ப விரட்டுவானேன் என்று உறையைக் கிழித்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் "தாள் வந்தது" என்று எழுதினேன். "இன்னும் இரண்டு நாள் எரித்துக்கொள்" என்று எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன்.

வெடித்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ரொட்டி போடப் போவது அவள் என்பதும் எனக்குத் தெரியும், அவளே எழுதியிருந்தாள். அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? இப்போது இங்கே அடுப்புக்குள் கையை விடும்போதெல்லாம் குறுகிப்போகிறேன்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு, ஒரு வரி விடாமல். அப்புறம் அன்றைக்கு வந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் உண்மையைச் சொல். என்னிடம் தனியாக எழுதியது செல்லாது. பழி போட்டது பதினோரு பேர் முன்னால்.

அக்கா


ஜூலை 2

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் தேவலாமா?

இது என் எழுத்துதான். கோணலாக இருக்கும், இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நேர்த் தையல் போட முடிகிறது. காஜா எடுக்க வரவில்லை. வரும் என்கிறார் டாக்டர்.

உங்கள் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினார். "நீ என்னை ஏமாற்றவில்லை" வரைக்கும் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தை நான் வாங்கி வாசித்தேன். பிறகு அவர் போய் ஒரு பானை வாங்கி வந்தார். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டி முடித்துவிட்டு ஒரு தாளைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்து, "நீ எழுது, நான் எழுத மாட்டேன்" என்றார். தினமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நான்காம் நாள் மழை. "தகரம் போட்டு..." என்று ஆரம்பித்தார், அவரே வாயை மூடிக்கொண்டார். மறுபடி ஒன்றிலிருந்து. ஏழு நாள் முடியப் பதினோரு நாள் ஆயிற்று.

பதினோரு பேரையும் கூப்பிட்டார், ஆறு பேர் வந்தார்கள். மேனேஜர் வரவில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்று, "அன்னிக்கு இவ கை எதுலயும் படல. நான் ஏழு நாள் போட வேண்டிய தீய ரெண்டு நாள் போட்டுட்டு முடிஞ்சதுன்னு பொய் சொன்னேன். வெடிச்சதும் இவ மேல பழிய போட்டேன். தண்ணிகூட எடுத்துக் குடுக்கல" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. ஒருவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சரம்மா மட்டும் என்னிடம் வந்து, "நானும் உன்னைத்தான் சொன்னேன், நிதானமா விட்டிருக்கலாம்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொட்டியை இந்தத் தடவை உங்கள் தம்பியே போட்டார். முதல் இரண்டும் சுவரில் ஒட்டாமல் தீக்குள் விழுந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும் வந்தது, எல்லோர் முன்னாலும்.

மன்னித்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஆனால் அவர் மேல் இருப்பது பழகிய கோபம் அண்ணி. அவர் அவசரம் என்பது தெரிந்துதான் குடித்தனம் நடத்துகிறேன். உங்கள் மேல் இருக்கிற கோபம்தான் ஆறவில்லை. ஞாயிறுக்குப் பத்து நாள் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு மேனேஜர் முன்னால் மானம் போகக் கூடாது. உங்களுக்குத் தம்பி கடிதம் நிற்கக் கூடாது. அடுப்புக்குள் போனது என் கை.

பதினோரு வருஷமாக உங்கள் இருவர் கடிதத்துக்கு அடியில், மிச்சம் இருக்கிற இடத்தில் எழுதி வந்தேன். மழை என்று எழுதியதும் அங்கேதான். நீங்கள் அதை வாசித்தீர்கள், நம்பினீர்கள், ஆனால் பதிலை எனக்கு எழுதவில்லை.

புதுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். இனிமேல் அவர் அனுப்புவதில் ஏதாவது உங்களுக்கு உறுத்தினால் அவருக்கு எழுத வேண்டாம். உறை மேல் என் பேரைப் போட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

(அடியில், நெருக்கி, தம்பியின் கையெழுத்தில்)

அக்கா, வணக்கம். எனக்கு இவ்வளவு இடம்தான் விட்டிருக்கிறாள். போதும்.